கண்ணாடிக்குள் ஒரு முருகைப்பார்

கிழக்கே கடல், மேற்கே வாவி, இடையில் ஒடுங்கிய மணல்திட்டு. மட்டக்களப்பின் எழுவான்கரை ஊர்களின் கிடக்கை இதுதான். கல்லடியிலோ களுவாஞ்சிக்குடியிலோ இருக்கும் ஒருவருக்கு வீட்டில் கடல்மீன் தொட்டி வைக்க ஆசை வந்தால், வாளியைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனால் போதும் என்றுதான் தோன்றும். கடல் இல்லாத ஊர்க்காரர் பொதி செய்த உப்பைக் காசு கொடுத்து வாங்கி, நன்னீரில் கரைத்துக் கடல்நீர் செய்கிறார்கள். நமக்கோ கடலே வாசலில். ஆனாலும் வீட்டில் முருகைக்கல் வளர்க்கும் முறைகளுள் பேர்போன ஒன்று பெர்லின் நகரத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெர்லினுக்குக் கடல் கிடையாது.

கடல் பக்கத்தில் இருப்பதால் பெரிய நன்மை எதுவும் வந்துவிடுவதில்லை. முருகைக்கல் கேட்பது மாறாத நீரை. வெப்பம், உப்பு, கல்சியம், காரத்தன்மை எல்லாம் நாளுக்கு நாள் அசையாமல் நிற்க வேண்டும். கடல் தன் பருமனாலேயே அப்படி நிற்கிறது. 200 லீற்றர் தொட்டிக்கு அந்தப் பருமன் இல்லை. ஆகவே கடலின் வேலையை அங்கே வேறு யாராவது செய்தாக வேண்டும். அந்த வேலைகள் எவை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனால், பாசிக்குடாவிலும் காயான்கேணியிலும் நீருக்கடியில் என்ன நடக்கிறது என்பதும் கூடவே விளங்கிவிடும்.

நீரிலிருந்தே தொடங்கலாம். திறந்த கடலின் ஒரு கிலோ நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு. பெரும்பகுதி கறிக்குப் போடும் அதே சோடியம் குளோரைட்டு. மிச்சத்தில் மகனீசியம், சல்பேற்று, கல்சியம், பொற்றாசியம் என்று ஒரு நீண்ட வரிசை. எந்தச் சமுத்திரத்தில் அள்ளினாலும் இந்தப் பொருட்களின் விகிதம் ஒன்றாகவே இருக்கும். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சலஞ்சர் கப்பல் கொண்டுவந்த 77 நீர் மாதிரிகளைப் பகுத்துப் பார்த்து, 1884இல் இதை உறுதிசெய்தவர் வில்லியம் டிட்மார் என்ற வேதியியலாளர். கடையில் விற்கும் தொட்டி உப்பின் செய்முறைக்கு அடிப்படை அந்தக் கணக்குத்தான்.

ஆனால் நம்முடைய கரை திறந்த சமுத்திரம் அல்ல. மட்டக்களப்பு வாவி 56 கிலோமீற்றர் நீளம். வடக்கே பாலமீன்மடு முகத்துவாரத்திலும் தெற்கே கல்லாற்றிலும் அது கடலைத் தொடுகிறது. மாரி மழை கொட்டும்போது படுவான்கரை வயல்களின் வெள்ளமெல்லாம் வாவிக்குள் இறங்கி, முகத்துவாரத்தை உடைத்துக்கொண்டு மண்ணிறமாகக் கடலில் பாயும். அந்த நாட்களில் கரையோரம் அள்ளும் வாளியில் உப்பும் குறைவு. சேறும் பசளைச் சத்தும் அதிகம். முகத்துவாரத்தை ஒட்டி முருகைக்கல் ஏன் செழிப்பதில்லை, நகரிலிருந்து 30 கிலோமீற்றருக்கு மேல் வடக்கே போய்ப் பாசிக்குடாவில்தான் அதை ஏன் காண்கிறோம் என்பதற்கு ஒரு காரணம் இந்த வாளிக்குள்ளேயே இருக்கிறது. தொட்டிக்கு நீர் எடுப்பவர் மழை ஓய்ந்து பல வாரமான பிறகு, முகத்துவாரத்துக்கு எட்ட, கடல் தெளிந்த நாளில் எடுக்க வேண்டும். துணியில் வடித்து, மூடிய பீப்பாயில் இருட்டில் இரண்டு மூன்று வாரம் வைத்தால் அதிலுள்ள நுண்ணுயிர்கள் பல மடிந்து அடியில் படியும். அடர்த்திமானியில் 1.025 அல்லது 1.026 காட்டினால் சரி.

இனிமேல்தான் சிக்கலான கட்டம். மீன் உண்ணும், கழிக்கும். கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா வரும். கடலில் அது கரைந்து காணாமற்போகும். தொட்டியில் மீனின் செவுளையே அரித்துவிடும்.

கடலுயிர்களை வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்ற முயன்றவர்கள் வெகுகாலம் இந்த இடத்தில்தான் தோற்றார்கள். வென்றவர்களில் முந்தியவர் ஆன் தைன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. 1846இல் டோர்க்கி கடற்கரையிலிருந்து சில முருகைகளை ஒரு சாடிக்குள் இட்டு இலண்டனுக்குக் கொண்டுபோனார். நீரில் காற்றுக் கலக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. திறந்த யன்னல் ஓரத்தில் நின்று அந்தக் கடல்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றுவது வீட்டு வேலைக்காரியின் அன்றாடப் பணியாயிற்று. முக்கால் மணிநேரம் வரை. இன்று ஒரு சிறிய பம்பி செய்யும் வேலை அது. வரலாற்றில் எசமாட்டியின் பெயர் இருக்கிறது. ஊற்றியவளின் பெயர் இல்லை. நம் பக்கத்தில், சென்னை மெரினாவில் எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் 1909இல் ஒரு கடல்மீன் காட்சிசாலை திறந்தது. கடல் எதிரிலேயே இருந்தபடியால் நீருக்குத் தட்டுப்பாடு இல்லை. கடல் எதிரில் இல்லாத வீட்டுக்குத்தான் வேறு வழி வேண்டியிருந்தது.

அந்த வழியைக் காட்டியவர் ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங். 1961இல் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழ் ஒன்றில் அவர் எழுதிய கட்டுரை பலரைத் திகைக்க வைத்தது. அவருடைய தொட்டிகளில் வடிகட்டி இல்லை. கடலிலிருந்து எடுத்த கற்கள், கொஞ்சம் காற்றுக் குமிழி, வெயில் வெளிச்சம், அவ்வளவுதான். முருகையும் மீனும் அதில் வாழ்ந்தன. கல்லுக்குள் இருந்தவைதான் வேலை செய்தன என்பது பின்னால் தெளிவாயிற்று. செத்த முருகைக்கல் நுண்துளை நிறைந்தது. அதன் மேற்பரப்பில், ஒட்சிசன் கிடைக்கும் இடத்தில், ஒருவகைப் பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக மாற்றும். கல்லின் உள்ளே, ஒட்சிசன் எட்டாத இருட்டில் வாழும் மூன்றாவது கூட்டம் அந்த நைத்திரேற்றிலிருந்து ஒட்சிசனைப் பிடுங்கிச் சுவாசித்துவிட்டு நைதரசனை வாயுவாக விட்டுவிடும். மீன் கழித்தது காற்றோடு போயிற்று.

இந்தப் பற்றீரியாக்கள் அவசரப்படாதவை. பாலைப் புளிக்கவைக்கும் பற்றீரியா சில மணியில் பல தலைமுறை கண்டுவிடும். அமோனியாவை உண்பவை ஒருமுறை இரட்டிக்கவே பல மணிநேரம், சில வேளை ஒரு நாளுக்கு மேலும் எடுக்கும். ஆகவே புதிய தொட்டி பழகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் வேண்டும். நீர் கண்ணாடி போலத் தெளிந்துவிட்டதே என்று முதல் வாரத்திலேயே மீனை இறக்குபவர்கள்தான் அதிகம். தெளிவுக்கும் தூய்மைக்கும் சம்பந்தமில்லை, அமோனியாவுக்கு நிறமில்லை. என் கருத்தில், இந்தப் பொழுதுபோக்கில் பணம் படைத்தவரைவிடப் பொறுமை படைத்தவருக்கே மீன் அதிகம் பிழைக்கிறது.

மட்டக்களப்பில் அடுத்த எதிரி வெப்பம். முருகைக்கல்லுக்கு 25 முதல் 27 பாகை செல்சியஸ் உகந்தது. நம் வீட்டுக் கூடத்தில் வைகாசி, ஆனி மதியங்களில் தொட்டி நீர் 31, 32 என்று ஏறி நிற்கும். குளிரூட்டும் கருவி வாங்கலாம். விலையும் மின்கட்டணமும் தாங்காது. இங்கே நமக்குக் கைகொடுப்பது, நாம் திட்டித் தீர்க்கும் கச்சான் காற்று. மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, இறங்கி வரும்போது சூடேறி, காய்ந்துபோய் நம்மை வந்து அடிக்கும் மேல்காற்று அது. காய்ந்த காற்று நீரை வேகமாக ஆவியாக்கும். ஆவியாகும் நீர் வெப்பத்தைக் கூடவே எடுத்துச் செல்லும். ஒரு லீற்றர் நீர் ஆவியாகப் போகும்போது கொண்டுபோகும் வெப்பம், 100 லீற்றர் நீரைக் கிட்டத்தட்ட 6 பாகை குளிர்விக்கப் போதுமானது. தொட்டியின் மேல்மூடியை எடுத்துவிட்டு ஒரு சிறிய மின்விசிறியை நீரின் மேல் வீசவிட்டால், கச்சான் காலத்தில் இரண்டு மூன்று பாகையாவது இறங்கும். காற்றில் ஈரம் நிறைந்த மாரியில் இந்த உபாயம் பலிக்காது. நல்லவேளை, அப்போது அது தேவையும் இல்லை.

ஆனால் ஆவியாவது நீர் மட்டும். உப்பு அப்படியே தங்கிவிடும். 100 லீற்றரில் 10 லீற்றர் குறைந்தால் 35 கிராம் உப்பு 39 ஆகிவிடும். குறைந்த நீரைக் கடல்நீரால் நிரப்புவது தொடக்கக்காரர் பலர் செய்யும் பிழை. ஒவ்வொரு வாளியும் உப்பைக் கூட்டிக்கொண்டே போகும். நன்னீரால்தான் நிரப்ப வேண்டும், அதுவும் நாள்தோறும் சிறிது சிறிதாக. கிணற்று நீர் வேண்டாம். மணல் நிலத்தில் கிணறும் மலசலகூடக் குழியும் அருகருகே இருக்கையில் அந்த நீரில் நைத்திரேற்று இருக்கும். ஆர்.ஓ. முறையில் வடித்த குடிநீர் ஏற்றது.

மின்வெட்டையும் சொல்ல வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் 13 மணிநேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டது நினைவிருக்கும். பம்பி நின்றால் நீரோட்டம் நிற்கும். ஒட்சிசன் சில மணிநேரத்தில் தீரும். கல்லின் மேற்பரப்பில் உழைக்கும் பற்றீரியாவே மூச்சு முட்டிச் சாகத் தொடங்கும். மின்கலத்தில் ஓடும் ஒரு காற்றுப் பம்பி, ஆயிரக்கணக்கில் விலை கொடுத்த விளக்கைவிட முக்கியமானது.

இனி முருகைக்கல்லுக்கே வருவோம். பார்க்கக் கல். ஆனால் அந்தக் கல்லின் மேல்தோலில் சில மில்லிமீற்றர் பருமனான ஆயிரக்கணக்கான சிறு பிராணிகள், பொலிப்புகள், ஒட்டி வாழ்கின்றன. ஒவ்வொன்றின் சதைக்குள்ளும் ஒருவகை நுண்ணிய அல்கா குடியிருக்கிறது. அது வெளிச்சத்தில் ஒளித்தொகுப்புச் செய்து தான் ஆக்கும் வெல்லத்தில் பெரும்பங்கைப் பொலிப்புக்குக் கொடுக்கிறது. முருகையின் சக்தித் தேவையில் நூற்றுக்குத் தொண்ணூறு வரை இப்படி வந்துவிடலாம். பொலிப்பு தன் கழிவைக் கொடுக்கிறது; அல்காவுக்கு அது பசளை. தொட்டியின் மேலே நீல ஒளி அதிகம் தரும் விளக்கு தொங்குவது இந்த அல்காவுக்காகத்தான். சில பாகம் ஆழத்துக்குள் சிவப்பு ஒளியை நீர் விழுங்கிவிடும், நீலம்தான் கீழே இறங்கும். இந்த அல்கா அதற்குப் பழகியது.

இந்தச் சக்தியைக் கொண்டு பொலிப்பு என்ன செய்கிறது? நீரிலிருந்து கல்சியத்தையும் காபனேற்றையும் எடுத்துத் தன் காலடியில் கல்லாக வைக்கிறது. இங்கே தொட்டிக்காரரின் கணக்குப் புத்தகம் திறக்கிறது. கடல்நீரின் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 420 மில்லிகிராம் கல்சியம். 200 லீற்றர் தொட்டியில் ஆக மொத்தம் 84 கிராம். முருகைக்கல்லின் எடையில் நூற்றுக்கு நாற்பது கல்சியம். ஆகவே தொட்டியில் 100 கிராம் கல் வளர்ந்தால் 40 கிராம் கல்சியம், இருப்பில் ஏறக்குறையப் பாதி, நீரிலிருந்து போய்விட்டது. நன்றாக வளரும் தொட்டிதான் தன் நீரை விரைவில் வறிதாக்கும். யாராவது திருப்பிப் போட வேண்டும்.

1970களில் ஐரோப்பிய வளர்ப்பாளர்கள் இதற்குக் கண்ட மருந்து நம் ஊர் வெற்றிலைப் பெட்டியில் இருப்பதற்கு நெருங்கிய சொந்தம்: சுண்ணாம்பு. பீட்டர் வில்கென்ஸ் என்பவர் அதைப் பரப்பினார். ஒரு லீற்றர் நன்னீரில் ஒன்றரைக் கிராமுக்குச் சற்று அதிகமாகக் கல்சியம் ஐதரொட்சைட்டு கரையும். மிச்சம் அடியில் படிந்த பிறகு மேலே தெளிந்து நிற்கும் நீரை எடுத்து, ஆவியாகிப்போன நீருக்கு ஈடாகச் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விட வேண்டும். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் குழாயால் ஊதி, அது பால் நிறமாவதைப் பார்த்திருப்போம். மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டைச் சுண்ணாம்பு பிடித்துக்கொண்டு சுண்ணக்கல்லாகிறது. தொட்டியிலும் அது காபனீரொட்சைட்டைத்தான் பிடிக்கிறது; ஆனால் மெதுவாகச் சொட்டுவதால் கல்லாக விழாமல், முருகை எடுத்துக்கொள்ளும் கரைந்த வடிவிலேயே நிற்கிறது. கல் கட்ட வேண்டிய இரண்டு பொருளும் வேண்டிய விகிதத்திலேயே வந்து சேர்கின்றன. கவனம் தேவை: இந்த நீரின் பி.எச். 12ஐத் தாண்டும். ஒரேயடியாக ஊற்றினால் தொட்டி முழுவதும் செத்துப்போகும். வெற்றிலைச் சுண்ணாம்பையே போட்டுவிடவும் கூடாது. சாயமோ வேறு கலப்போ இல்லாத தூய சுண்ணாம்பு வேண்டும்.

இந்தச் சுண்ணாம்பு நம் நாட்டில் எங்கிருந்து வந்தது என்று நினைத்துப் பார்த்தால் சிரிப்பதா வருந்துவதா தெரியவில்லை. பல தலைமுறையாக இலங்கைக் கரையில் முருகைக்கல்லை உடைத்து, காளவாயில் அடுக்கிச் சுட்டுத்தான் கட்டடச் சுண்ணாம்பு செய்தார்கள். 100 கிலோ முருகைக்கல்லைச் சுட்டால் 44 கிலோ காபனீரொட்சைட்டாகப் புகைந்து போகும். 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். தொட்டியில் நடப்பது அதன் நேர் எதிர்: சுண்ணாம்பு காபனீரொட்சைட்டைத் திரும்பப் பிடித்து மறுபடி முருகைக்கல்லாகிறது. காளவாயில் சில நாளில் முடிகிற வேலை இந்தப் பக்கம் பல ஆண்டு எடுக்கும்.

தென்மேற்குக் கரையில், அக்குரல முதல் ஹிக்கடுவ வரை, இந்த அகழ்வு மிகவும் முற்றியிருந்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு ஹரீந்திர பெர்னாண்டோவும் சகாக்களும் அந்தக் கரையை ஆராய்ந்து, முருகைப்பார் உடைக்கப்பட்டிருந்த பெரலிய போன்ற இடங்களில் அலை கூடுதல் தூரம் உள்ளே புகுந்ததையும், பார் காப்பாற்றப்பட்டிருந்த ஹிக்கடுவவில் அது தணிந்து வந்ததையும் 2005இல் எழுதினார்கள். நாவலடியும் கல்லடியும் அன்று பட்டதை அறிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. கரையோரம் பேணல் சட்டத்துக்கு 1988இல் வந்த திருத்தம், கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதையும் சுண்ணாம்புக் காளவாய் நடத்துவதையும் தடைசெய்தது.

தொட்டியின் பின்புறத்தில் அல்லது அடியில் பல வளர்ப்பாளர்கள் இன்னொரு சிறிய தொட்டி வைப்பார்கள். அதில் மீனும் இருக்காது, முருகையும் இருக்காது. கொஞ்சம் மணல், ஒரு பிடி கடற்பாசி, ஒரு விளக்கு. பெரிய தொட்டியின் நீர் அதன் வழியே சுற்றி வரும். பாசி நைத்திரேற்றையும் பொஸ்பேற்றையும் உறிஞ்சி வளரும். வாரம் ஒருமுறை ஒரு கைப்பிடி பறித்தெறிந்தால் அந்தச் சத்து நீரைவிட்டுப் போய்விடும். நம் களப்புகள் கடலுக்குச் செய்வது இதைத்தான். பாசிக்குடாவுக்கு அருகே கடலில் கலக்கும் வாழைச்சேனைக் களப்பும், வாகரைப் பக்கம் பனிச்சங்கேணிக் களப்பும், அவற்றின் கண்டல் மரங்களும் கடற்புல் படுக்கைகளும், வயலிலிருந்து வரும் சேற்றையும் பசளையையும் தடுத்து வைத்துக்கொண்டுதான் நீரைக் கடலுக்கு விடுகின்றன. கண்டலை வெட்டி நிலம் நிரப்பினால் பாருக்கு முன்னால் இருந்த வடிகட்டியைக் கழற்றி எறிந்த மாதிரி.

அந்தச் சிறு தொட்டியின் விளக்கை இரவில் எரியவிடுவது ஒரு நல்ல வழக்கம். இரவில் முருகையின் அல்கா ஒளித்தொகுப்பை நிறுத்திவிடும். எல்லா உயிரும் மூச்சுவிட்டபடியே இருக்கும். காபனீரொட்சைட்டு கூடி, நீரின் பி.எச். 8.2இலிருந்து 8க்குக் கீழே இறங்கும். பின்தொட்டியின் பாசிக்கு அந்நேரம் பகல் என்றால் அது அந்தக் காபனீரொட்சைட்டை எடுத்துக்கொள்ளும். ஏற்றமும் இறக்கமும் குறையும். சுண்ணாம்பு நீரை இரவில் சொட்டவிடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

கடலில் இருக்கும் ஒன்று மட்டும் எந்தத் தொட்டியிலும் இல்லை: ஓசை. பிரித்தானிய அதிகாரி ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1848இல் மட்டக்களப்புக்கு வந்தபோது இரவில் வாவியில் படகிலிருந்து பாடும் மீனின் ஓசையைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் நாதம் போன்றது என்று எழுதினார். பாடும் மீன் உண்மையில் மீனா, நத்தையா என்ற வழக்கு அன்றிலிருந்து நடக்கிறது. அதை இங்கே தீர்க்கப் போவதில்லை. ஆனால் உயிருள்ள முருகைப்பார் ஓயாமல் சத்தமிடுவது உறுதியான விடயம். நடுக்கடலில் மிதந்து வளரும் மீன்குஞ்சுகள் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் பாரைத் தேடி வருகின்றன. அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பாரில் செத்த முருகைத் துண்டுகளின் நடுவே ஒலிபெருக்கி வைத்து, நலமான பாரின் ஓசையை ஒலிக்கவிட்டபோது 40 நாளில் இருமடங்கு மீன்கள் வந்து சேர்ந்ததாக 2019இல் வெளியான ஆய்வு சொல்கிறது. வீட்டுத் தொட்டி மீனுக்குக் கேட்பதெல்லாம் பம்பியின் உறுமல்தான்.

மீன் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை இதற்கு மேலும் தள்ளிப்போட முடியாது. ஐக்கிய நாடுகள் சுற்றாடல் திட்டத்தின் கண்காணிப்பு நிலையம் 2003இல் கொடுத்த கணக்குப்படி, உலகில் ஆண்டுக்கு 2 கோடி முதல் 2 கோடி 40 இலட்சம் வரையான கடல் அலங்கார மீன்கள் வாங்கி விற்கப்பட்டன, இனங்கள் 1,471. ஏறத்தாழ எல்லாமே காட்டிலிருந்து எடுத்த மிருகம் போல, பாரிலிருந்து நேரே பிடித்தவை. கூடவே ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிருள்ள முருகைத் துண்டுகள். இலங்கையும் இந்த மீன் வியாபாரத்தில் நெடுங்காலமாக இருக்கிறது. தெற்கிலும் மேற்கிலும் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். அப்போது சுழியோடிகள் நம் பக்கம் வருவார்கள். கைவலையால் ஒவ்வொன்றாகப் பிடிப்பவர் பாருக்குப் பெரிய தீங்கு செய்வதில்லை. ஈயம் கட்டிய மொக்சி வலையை முருகையின் மேல் போர்த்தி, உள்ளே ஒளிந்த மீனை வெளியேற்றக் கல்லையே உடைக்கும் முறை வேறு. சட்டம் அதைத் தடைசெய்திருக்கிறது. கல் முருகை எல்லாமே நம் நாட்டில் பாதுகாக்கப்பட்டவை. கடலில் ஒரு கொப்பு முறித்துத் தொட்டியில் நடுவது, பார்ப்பவர் இல்லாத இடத்தில் செய்தாலும் குற்றம்தான்.

எல்லா மீனும் தொட்டிக்கு ஆகாது. பிற மீன்களின் உடலில் ஒட்டுண்ணி பொறுக்கி வாழும் சிறிய நீலக்கோட்டு மீன் கடையில் கிடைக்கும். பொறுக்க வாடிக்கையாளர் இல்லாத தொட்டியில் பெரும்பாலும் பட்டினி கிடந்து சாகும். முருகைப் பொலிப்பையே தின்று வாழும் வண்ணாத்தி மீன்களும் அப்படித்தான். அவற்றை வாங்காமல் விடுவதே அவற்றுக்குச் செய்யும் உதவி. கடற்சாமந்தியின் இடையில் வாழும் கோமாளி மீனின் கதை வேறு. அதை மண்டபத்தில் இந்திய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் தொட்டியிலேயே முட்டையிடவைத்துக் குஞ்சு வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். கடலைத் தொடாமலே அதன் சந்ததி பெருகும். அதன் குடும்பமும் விசித்திரமானது: குஞ்சுகள் எல்லாம் ஆணாகவே வளரும், கூட்டத்தில் பெரியது மட்டும் பெண். அந்தப் பெண் இறந்தால் அடுத்த பெரிய ஆண் சில வாரத்தில் பெண்ணாக மாறிவிடும். 2003இல் வந்து உலகமெல்லாம் ஓடிய கார்ட்டூன் படம், தாயை இழந்த அந்தக் கோமாளி மீனின் அப்பாவைக் கடைசிவரை அப்பாவாகவே வைத்திருந்தது. கடலில் என்றால் அவர் அம்மாவாகியிருப்பார்.

மேலே வெப்பத்தைப் பற்றிச் சொன்னதைக் கடலுக்கும் பொருத்திப் பாருங்கள். முருகை தன் தாங்கும் எல்லைக்கு மிக அருகிலேயே வாழ்கிறது. அந்த இடத்தின் வழக்கமான உச்ச வெப்பத்துக்கு மேல் ஒரு பாகை கூடி நான்கு வாரம் நின்றால் வெளிறத் தொடங்கும். எட்டு வாரம் நின்றால் பெருமளவில் சாகும். சூடு ஏறியதும் உள்ளே இருந்த அல்கா நஞ்சாகிறது. பொலிப்பு அதை வெளியே தள்ளிவிடுகிறது. நிறம் போய் வெள்ளை எலும்பு தெரிகிறது. 1998இல் இலங்கைப் பார்கள் பல இப்படிச் செத்தன. 2016இலும் 2024இலும் கிழக்குக் கரையில் வெளிறல் கண்டது. 2024 ஏப்ரலில் அமெரிக்கச் சமுத்திர, வளிமண்டல நிர்வாகம் உலகளாவிய நான்காவது வெளிறல் நடப்பதாக அறிவித்தது. தொட்டிக்காரருக்கு ஒரு மின்விசிறி இருக்கிறது. கடலுக்கு அது இல்லை.

இந்த இடத்தில் கண்ணாடித் தொட்டி பொழுதுபோக்கைத் தாண்டிப் போகிறது. கடலில் முருகைகள் பல ஆண்டுக்கு ஒருமுறை, முழுநிலவுக்குப் பின்வரும் சில இரவுகளில், ஒன்றாகச் சேர்ந்து முட்டையும் விந்தும் வெளியிடும். நீரின் வெப்பம், பகலின் நீளம், நிலவொளி மூன்றையும் பார்த்துத்தான் அவை நாள் குறிக்கின்றன. இலண்டன் ஹோர்னிமன் அருங்காட்சியகத்தில் ஜேமி கிராக்ஸ் குழுவினர் 2012இல் தொடங்கிய முயற்சியில், ஆண்டு முழுவதற்குமான வெயிலையும் நிலவையும் கணினி வழியே விளக்குகளால் நடிக்கவைத்து, மூடிய தொட்டிக்குள்ளேயே முருகைகளை அப்படி இனப்பெருக்கம் செய்யவைத்தார்கள். 2017இல் அதன் முறையை வெளியிட்டார்கள். அன்று வேலைக்காரி நீர் ஊற்றிக்கொண்டிருந்த அதே நகரத்தில். அப்படி வளரும் குஞ்சு முருகைகள் செத்த பாரை மீட்டுவிடும் என்று நான் நம்பவில்லை; கடல் சூடேறிக்கொண்டே போனால் நட்டதும் சாகும். ஆனால் எந்த இனம் எவ்வளவு சூடு தாங்கும் என்று கண்டறிய அவை உதவும்.

ஆகவே, ஆசைப்படுபவருக்கு நான் சொல்லக்கூடியது: சிறிய தொட்டி வேண்டாம், 200 லீற்றராவது இருக்கட்டும், பருமன் கூடினால் பிழை பொறுக்கும். சீமெந்தும் மணலும் கலந்து செய்த செயற்கைக் கல்லை நன்னீரில் பல வாரம் ஊறவைத்து, காரம் போன பிறகு அடுக்குங்கள். கடற்கல்லைத் தொட வேண்டாம். மீனில்லாமல் ஆறு வாரம் ஓடட்டும். பிறகு பண்ணையில் பொரித்த கோமாளி மீன் இரண்டு. வாரம் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். அப்படி மாற்றினாலும் ஏற்கெனவே சேர்ந்த நைத்திரேற்று பாதியாகக் குறைய ஏழு வாரம் பிடிக்கும். அதனால் தீனியைக் குறைவாகப் போடுவதே சிக்கனமான வடிகட்டி. இரண்டு ஆண்டு இந்தத் தொட்டி தளம்பாமல் நின்றால் அப்போது முருகையைப் பற்றி யோசிக்கலாம், அதுவும் சட்டப்படி வளர்த்த துண்டு கிடைத்தால்.

அதுவரை முருகைக்கல் பார்க்க வேண்டுமென்றால் நமக்குத் தொட்டியே தேவையில்லை. காயான்கேணிக் கடல் 2019இல் சரணாலயமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. சித்திரை முதல் புரட்டாதி வரை கடல் தெளிந்திருக்கும். முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் போதும். பாரின் மேல் நங்கூரம் எறியும் படகில் ஏறாதீர்கள், கால் ஊன்றி நிற்காதீர்கள். அங்கே நீங்கள் காணும் உருண்டைப் பாறைகள் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான் வளர்கின்றன. உங்கள் இடுப்பளவு நிற்கும் ஒன்று ஏறத்தாழ நூறு வயதானது.